2048 பைட்டில் ஒரு குடித்தனம்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவன் ஒருவன்)



"புராஜெக்ட் பத்தி மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று மலர்க் குழுவில் கேட்டபோது, ஜெயித்த கதையை எழுதுவதா, தோற்ற கதையை எழுதுவதா என்று ரெண்டு நாள் யோசித்தேன். ஜெயித்த கதையை ரிப்போர்ட்டில் பைண்டு பண்ணி லைப்ரரியில் வைத்தாகிவிட்டது. அதனால் தோற்ற கதை இங்கே. அடுத்த வருடம் புராஜெக்ட் செய்யப்போகிற தம்பி தங்கைகளுக்கு இதுதான் அதிகம் உபயோகப்படும் என்பது என் நம்பிக்கை.

நாங்கள் நாலு பேர். எங்கள் குழுவில் ஒருவனுடைய அப்பா விவசாயி. அவங்க தோட்டத்துக் கிணற்றில் 5 குதிரைசக்தி மோட்டார். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். பாதி நாள் ராத்திரியில்தான் வரும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் வற்றுவதற்குள் மறுபடி போய் நிறுத்த வேண்டும். "ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினா மோட்டார் ஓடணும், கிணத்துல தண்ணி குறைஞ்சா தானா நிக்கணும்" என்பதுதான் எங்கள் புராஜெக்ட். ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ரெண்டு ரிலே, கிணற்றுக்குள் இறங்கும் ரெண்டு சென்சார் கம்பி. அவ்வளவுதான்.

லேபில் அருமையாக வேலை செய்தது. மாட்டிவிட்டு வரும்போது அவங்க அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏந் தம்பி, இத நம்பி நான் ராத்திரி தூங்கலாமா?"

"தூங்குங்கப்பா" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

மூன்றாம் நாள் ராத்திரி அது நின்றுபோனது. அதாவது எங்கள் போர்டு நின்றுபோனது, மோட்டார் நிற்கவில்லை! ஸ்டார்ட்டரை ஒரு தடவை ஆன் செய்துவிட்டால் அதற்குள் இருக்கும் காயில் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆஃப் பண்ண வேண்டிய போர்டு உறைந்துபோய் உட்கார்ந்திருக்க, வற்றிய கிணற்றில் மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் கருகல் வாசனை. காயில் கட்ட ஆறாயிரம் ரூபாய். நாங்கள் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. "காசு கெடக்குது தம்பி. அது ஏன் நின்னுச்சுன்னு கண்டுபுடிச்சுட்டு வாங்க, திரும்ப மாட்டலாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

எங்கே போச்சு இடம்?

போர்டிலிருந்த சிம்மை எடுத்து ஒரு போனில் போட்டுப் பார்த்தோம். அன்றைக்குச் சாயங்காலம் 7 மணிக்கு "ஆன்" என்ற மெசேஜ். 7.32-க்கு ஏதோ ஒரு கடையின் தள்ளுபடி விளம்பரம், முழுசாக 160 எழுத்து. அதற்குப் பிறகு எதற்கும் பதில் போகவில்லை. லேபில் நாங்கள் அனுப்பிப் பார்த்ததெல்லாம் ரெண்டு மூன்று எழுத்து மெசேஜ்கள்தான். அதே 160 எழுத்தை லேபில் அனுப்பினோம். போர்டு அப்படியே உறைந்தது. சரி, குற்றவாளி கிடைத்தாச்சு என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் விளம்பரத்தின் மேல் பழி போட்டு என்ன செய்ய? வருகிற எதையும் தாங்கும்படி எழுதாதது எங்கள் தப்பு.

இந்த இடத்தில் போர்டின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஊனோவில் இருப்பது ஏடிமெகா 328பி என்ற சிப். அதில் மூன்று விதமான நினைவகம் உண்டு. புரோகிராம் குடியிருக்கும் ஃபிளாஷ் 32 கேபி. கரண்ட் போனாலும் அழியாத ஈஈப்ராம் 1 கேபி. ஓடும்போது வேலை செய்கிற இடமான ரேம் 2 கேபி, அதாவது 2048 பைட். நம் போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

இந்த 2048-ல் கீழ்ப்பக்கம் நம் நிலையான மாறிகள் உட்காரும். அதற்கு மேலே ஹீப் என்ற பகுதி. புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் இடமெல்லாம் இங்கிருந்து மேல்நோக்கி வளரும். உச்சியிலிருந்து ஸ்டாக் கீழ்நோக்கி வளரும். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போதெல்லாம் திரும்பி வரவேண்டிய முகவரியும் உள்ளூர் மாறிகளும் அதில் அடுக்கப்படும். இரண்டும் எதிரெதிரே வரும் பஸ் மாதிரி. நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. மோதினால் "பிழை" என்று ஒரு வரிகூட வராது. ஒன்றின் தரவை மற்றொன்று அழித்து எழுதிவிட்டு, புரோகிராம் எங்கேயாவது போய்விடும். ஹீப்பில் இடம் கேட்டு, "இல்லை" என்று பதில் வந்தாலும் அதை நாம் கவனித்தால்தான் உண்டு. நாங்கள் கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரி எழுதினோம்:

திரையிலும் எஸ்எம்எஸ்ஸிலும் காட்டும் வாசகங்கள்: 780 பைட்
மோட்டார் ஓடிய பதிவுகள் 40: 400 பைட்
லைப்ரரிகள் தமக்கென எடுத்துக்கொண்டது: 280 பைட்
மற்ற மாறிகள்: 160 பைட்

மொத்தம் 1620. மிச்சம் 428. இந்த 428-ல்தான் ஹீப்பும் ஸ்டாக்கும் குடித்தனம் நடத்த வேண்டும். நினைவகம் குறைவாக இருக்கிறது என்று கம்பைல் செய்யும்போதே ஒரு எச்சரிக்கை வரி வந்தது. "வார்னிங்தானே, எர்ரர் இல்லையே" என்று தள்ளிவிட்டோம். அந்த அலட்சியத்தின் விலை ஆறாயிரம் ரூபாய்.

வந்த மெசேஜை ஸ்ட்ரிங் வகை மாறியில் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போனோம். தலைப்போடு சேர்த்து 200 பைட்டுக்கு மேல். அதை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது முழுசாக இன்னொரு நகல். அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது.

முதல் வழி: மாறாததை ரேமில் வைக்காதே

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு ரூமில் நாலு பேர், ஒரே மேஜை. மூணு செமஸ்டர் புத்தகத்தையும் மேஜை மேலேயே அடுக்கினால் எழுத இடம் ஏது? இன்றைக்கு வேண்டியது மட்டும் மேஜையில், மற்றது கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில்.

"மோட்டார் ஓடுகிறது" என்ற வாசகம் எந்தக் காலத்திலும் மாறப்போவதில்லை. ஆனால் இந்தச் சிப்பில் புரோகிராமுக்கு ஒரு நினைவகம், தரவுக்கு ஒரு நினைவகம் என்று தனித்தனியாக இருப்பதால், சாதாரணமாக எழுதிய வாசகங்களெல்லாம் போர்டு எழும்போதே ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலாகி உட்கார்ந்துவிடும். ஆர்டுயினோவில் வாசகத்தை எஃப் என்ற எழுத்துக்குப் பின் அடைப்புக்குறிக்குள் போட்டால், அது ஃபிளாஷிலேயே இருந்து தேவைப்படும்போது ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கப்படும். 780 பைட் 40 ஆகக் குறைந்தது. ஒரு சாயங்கால வேலை, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி: அளவுக்கேற்ற பாத்திரம்

ஒரு டம்ளர் காப்பிக்கு அண்டாவை அடுப்பில் வைப்பார்களா? நாங்கள் வைத்திருந்தோம். ஒவ்வொரு பதிவிலும் மோட்டார் நிலைக்கு 2 பைட், வோல்டேஜுக்குத் தசம எண்ணாக 4 பைட், நேரத்துக்கு 4 பைட், ஆக 10 பைட். மோட்டார் நிலை என்பது ஓடுகிறது, நிற்கிறது என்ற இரண்டே விடை. அதற்கு ஒரு பிட் போதும். 415 வோல்ட்டைப் புள்ளிக்குப் பின்னும் இலக்கம் வைத்து யாருக்கு என்ன லாபம்? முழு எண் போதும். 2 பைட் எண்ணின் மேல் பிட்டில் மோட்டார் நிலையையும் சேர்த்து வைத்தோம். நேரத்தை நிமிடக் கணக்கில் 2 பைட்டில் வைத்தால் 65,535 நிமிடம், 45 நாள் தாங்கும். பத்து பைட் நாலாயிற்று.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. இந்தப் பதிவு எப்போதாவதுதான் தேவை. இது ஏன் ரேமில் இருக்க வேண்டும்? ஈஈப்ராமுக்கு மாற்றினோம். ஈஈப்ராமின் ஒவ்வொரு இடத்திலும் சுமார் ஒரு லட்சம் முறைதான் எழுதலாம். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு எழுத்து. அதுவும் வட்டமாகச் சுற்றி எழுதுவதால் கவலையில்லை. 40 பதிவுக்குப் பதில் 200 பதிவு, 800 பைட். ரேமில் செலவு பூஜ்யம். கரண்ட் போனாலும் பதிவு போகாது என்பது உபரி லாபம்.

மூன்றாவது வழி: சிதறவிடாதே

பஸ்ஸில் அஞ்சு சீட் காலியாக இருக்கிறது. அஞ்சு பேர் உள்ள குடும்பம் ஏறுகிறது. ஆனால் காலி சீட்டுகள் ஆளுக்கொரு மூலையில். சேர்ந்து உட்கார வழியில்லை. இதைத்தான் நினைவகச் சிதறல் என்கிறோம். இடத்தைக் கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுத்து, வேறு அளவில் மறுபடி கேட்டு வாங்கி என்று ஹீப்பைப் புழங்கினால், மொத்தத்தில் 300 பைட் மீதி இருந்தும் சேர்ந்தாற்போல் 100 கிடைக்காத நிலை வரும். சில மொழிகளில் ஆட்களை நகர்த்தி உட்காரவைக்கும் கண்டக்டர் உண்டு. சி மொழியில் அந்த வசதி இல்லை. முகவரியைக் கையில் வைத்திருக்கும் சுட்டிகள் வழி தவறிப்போகும் என்பதால் யாரையும் நகர்த்த முடியாது.

இதற்கு மருந்து, ஓடும்போது இடம் கேட்கும் பழக்கத்தையே விட்டுவிடுவது. ஸ்ட்ரிங் வகையை அடியோடு நீக்கிவிட்டு, நிலையான அளவில் 64 பைட் கொண்ட ஒரே ஒரு எழுத்து வரிசையை ஆரம்பத்திலேயே ஒதுக்கினோம். 160 எழுத்து மெசேஜ் 64-ல் எப்படி அடங்கும் என்று கேட்கிறீர்களா? அடங்க வேண்டிய அவசியமே இல்லை. எங்களுக்குத் தேவை அனுப்பியவர் எண்ணும் முதல் சில எழுத்துகளும்தான். மீதி எழுத்துகள் வர வரப் படித்து, அங்கேயே விட்டுவிடுகிறோம். வாய்க்காலில் போகும் தண்ணீரை அளக்க அதை முழுசும் தொட்டியில் பிடிக்க வேண்டியதில்லையே.

நான்காவது வழி: ஒரே இடம், பல வேலை

மெசேஜ் வாங்கும்போது பதில் எழுதுவதில்லை. பதில் எழுதும்போது வாங்குவதில்லை. அப்புறம் எதற்கு ரெண்டுக்கும் தனி இடம்? அதே 64 பைட்டிலேயே பதிலையும் தயார் செய்தோம்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தையல்ல. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் 8088 சிப்பால் 1 எம்பி வரைதான் முகவரி காட்ட முடியும். அதில் புரோகிராம்களுக்குக் கிடைத்தது 640 கேபி. அதற்குள் அடங்காத புரோகிராம்களைத் துண்டுகளாக வெட்டி டிஸ்க்கில் வைத்து, எந்தத் துண்டு தேவையோ அதை மட்டும் ஏற்றி, வேலை முடிந்ததும் அதே இடத்தில் அடுத்த துண்டை ஏற்றினார்கள். ஓவர்லே என்று பெயர். அந்நாளில் புகழ்பெற்ற வேர்ட்ஸ்டார் இப்படித்தான் ஓடியது. 1985-ல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இன்னொரு வழி செய்தன. கூடுதல் நினைவகத்தை 16 கேபி பக்கங்களாக்கி, 64 கேபி அளவுள்ள ஒரு ஜன்னல் வழியே நாலு நாலு பக்கமாக மாற்றி மாற்றிக் காட்டினார்கள்.

இப்போது எங்கள் கணக்கு: வாசகம் 40, லைப்ரரி 280, மற்றவை 160, பொது இடம் 64. மொத்தம் 544. மிச்சம் 1504! அதே சிப், அதே 2048.

பெரிய கணிப்பொறிகள் மட்டும் என்ன?

"நம்ம லேப்டாப்பில் 8 ஜிபி இருக்கே, இந்தக் கஞ்சத்தனமெல்லாம் எதுக்கு?" என்று கேட்கலாம். அங்கேயும் இதே கதைதான், கஞ்சத்தனத்தை நமக்குப் பதில் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்கிறது. 1962-ல் மான்செஸ்டரில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறியில் வேகமான நினைவகம் 16,384 சொற்கள்தான். கூடவே மெதுவான டிரம்மில் 98,304 சொற்கள். 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, தேவையானதை உள்ளே கொண்டுவந்து, தேவையில்லாததை வெளியே தள்ளும் வேலையைக் கணிப்பொறியே பார்த்துக்கொண்டது. புரோகிராம் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரிந்தது. இன்றைய மெய்நிகர் நினைவகத்துக்கு அதுவே மூத்த அண்ணன்.

அதற்கும் எல்லை உண்டு. புரோகிராம்கள் அந்தந்த நேரத்தில் புழங்கும் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து ரேமைவிட அதிகமானால், பக்கம் மாற்றுவதிலேயே பொழுது போய்விடும், வேலை நடக்காது. திராஷிங் என்கிற இந்த நோயை 1968-ல் பீட்டர் டென்னிங் விளக்கினார். லேப்டாப்பில் ஏகப்பட்டதைத் திறந்து வைத்தால் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய, மவுஸ் நகராமல் நிற்குமே, அதுதான். குறைந்த ரேம் உள்ள போன்களில் வேறொரு தந்திரம். பயன்படாத பக்கங்களை வெளியே அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பார்கள். லினக்ஸில் இதன் பெயர் இசட்ரேம், 2014-ல் கெர்னலில் சேர்ந்தது. போர்வையை மடித்து வைத்தால் அலமாரியில் இடம் கிடைப்பதுபோல. ஆனால் மடிக்கவும் பிரிக்கவும் கொஞ்சம் நேரம் செலவாகும்.

எல்லாம் தீர்ந்துபோனால்?

எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஒருநாள் இடம் தீரலாம். அப்போது என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது அப்போலோ 11-லிருந்து.

1969 ஜூலை 20. ஈகிள் கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கணிப்பொறியில் எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2048 சொற்கள், சொல்லுக்கு 16 பிட். எங்கள் சிப்பைப்போல இரண்டே மடங்கு! மாறாத புரோகிராம் 36,864 சொற்கள், கம்பியைக் காந்த வளையங்களில் கோத்துப் பின்னிய தனி நினைவகத்தில். ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் 12 சொற்கள் கொண்ட ஒரு நிலையான இருக்கை. கேட்டு வாங்கும் ஹீப் எல்லாம் கிடையாது. அன்றைக்கு ஒரு ரேடார் தொடர்பு வேண்டாத துடிப்புகளை அனுப்பிக் கணிப்பொறியின் நேரத்தைத் தின்றது. வேலைகள் முடியாமல் தேங்கின, இருக்கைகள் நிரம்பின. 1202 என்ற அபாய அறிவிப்பு வந்தது. காலி இருக்கை இல்லை என்று அர்த்தம். கணிப்பொறி உறைந்து போகவில்லை. தன்னைத்தானே மறுபடி தொடங்கி, கலத்தை இறக்குவதற்கு அவசியமான வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, மற்றதைக் கைவிட்டது. கலம் இறங்கியது.

எங்கள் போர்டிலும் அதையே செய்தோம். சிப்புக்குள்ளேயே வாட்ச்டாக் என்ற காவல்காரன் இருக்கிறான். 8 விநாடிக்குள் புரோகிராம் "நான் உயிரோடு இருக்கேன்" என்று சொல்லாவிட்டால் ரீசெட் செய்துவிடுவான். எழுந்ததும் முதல் வேலை மோட்டாரை நிறுத்துவது. மெசேஜ் எல்லாம் அப்புறம். அதோடு, புரோகிராமை மட்டும் நம்பாமல், தண்ணீர் குறைந்தால் ஸ்டார்ட்டரை நேரடியாகத் துண்டிக்கும் ஒரு மிதவை ஸ்விட்ச்சையும் தொடராக இணைத்தோம்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "8 கேபி ரேம் இருக்கிற மெகா போர்டு வாங்கியிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லையே?"

"சார், வாங்கியிருந்தா அந்த விளம்பரத்தைத் தாங்கியிருக்கும். ஆனா தப்பு அப்படியே உள்ளேயே இருந்திருக்கும். மூணாம் நாள் நின்னது மூணாம் மாசம் நின்னிருக்கும். அப்போ நாங்க காலேஜிலேயே இருந்திருக்க மாட்டோம்" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

தம்பி தங்கைகளே, புரோகிராமில் ஒவ்வொரு மாறியை எழுதும்போதும் மூன்று கேள்வி கேளுங்கள். இது மாறுமா, மாறாதா? இதற்கு எவ்வளவு இடம் போதும்? இது எப்போது இடத்தைக் காலி செய்யும்? மூன்றாவதுக்கு விடை தெரியாவிட்டால் கம்பைல் பட்டனை அமுக்காதீர்கள். எச்சரிக்கை வரி வந்தால் படியுங்கள். லேபில் சோதிக்கும்போது வரக்கூடிய மிக நீளமான மெசேஜை அனுப்பிச் சோதியுங்கள்.

மறுபடி மாட்டி நாலு மாதம் ஆகிறது. ஈஈப்ராம் பதிவைப் பார்த்தால் காவல்காரன் ரெண்டு தடவை ரீசெட் செய்திருக்கிறான். ரெண்டு தடவையும் மோட்டார் ஒழுங்காக நின்றிருக்கிறது. ஏன் ரீசெட் ஆனது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் நண்பன் வீட்டுக்குப் போனபோது அவங்க அப்பாவிடம் இதை மறைக்காமல் சொன்னோம். "நின்னுச்சுல்ல, அது போதும். கண்டுபுடிக்கிறத மெதுவாக் கண்டுபுடிங்க" என்றவர், கட்டிலைத் தட்டிப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே படுக்கப் போய்விட்டார்.